அப்பா மட்டும் படிக்க

கிருஷ்ணகிரி,
6 ஜூலை 2025, ஞாயிறு.

அன்புள்ள அப்பாவுக்கு,

லிபியா எழுதுகிறேன். விடுதிக்கு வந்து எட்டு நாள் ஆகிறது. அம்மா கட்டிக் கொடுத்த கடலை உருண்டை மூன்றாம் நாளே காலி. பாதியைப் பக்கத்துக் கட்டில் ஸ்வாதி தின்றாள். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பெண். என்னைப் போலவே பிளஸ் டூவில் பெயிலாகி, வரும் மார்ச்சில் தனித்தேர்வராக எழுத வந்திருக்கிறாள். இங்கே நாங்கள் பதினாறு பேர். எல்லோரும் பெயில் என்பதால் யாரும் யாரையும் மார்க் கேட்பதில்லை. அதுவே பெரிய நிம்மதி.

போன் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மதியம் கடிதம் எழுதலாம். "உங்க லெட்டர நான் பிரிச்சுப் பாக்க மாட்டேன். ஒட்டிக் குடுங்க, போஸ்ட் பண்ணிடறேன்" என்று வார்டன் டெல்பின் சிஸ்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். மாதத்தின் முதல் ஞாயிறு வீட்டுக்காரர்கள் பார்க்க வரலாம். இன்று முதல் ஞாயிறுதான். வர வேண்டாம் என்று நான் சொல்லி அனுப்பியது உங்களுக்கு வருத்தமாக இருந்திருக்கும். வந்தால் நீங்கள் அழுவீர்கள், நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பேன். எழுதினால் கொஞ்சம் வரும் போலிருக்கிறது.

அம்மாவுக்கு எழுதினால் வேலைக்குப் போகிற பூக்கம்பெனி வேனிலேயே படித்துவிட்டு அழுவாள், வேன் பூராவும் தெரிந்துபோகும். அதனால் உங்களுக்கு. கவர் மேலே "அப்பா மட்டும் படிக்க" என்று எழுதியிருக்கிறேன், பார்த்திருப்பீர்கள்.

ஒன்றை முதலில் கேட்டுவிடுகிறேன். ரிசல்ட் அன்று நீங்கள் ஏன் போனை அணைக்கவில்லை?

கேக், பலூன், பக்கத்து வீட்டுக்காரர்கள், கோயிலிலிருந்து வந்தவர்கள், நடுவில் ஸ்டாண்டில் போன். நான் படிப்பதைப் படம் பிடித்துப் போடுகிற நம் "லிபியாவின் மேசை" சேனலில் நாலாயிரம் பேர் லைவில் பார்க்கிறார்கள் என்று கத்தினீர்கள். இயற்பியல் 27, வேதியியல் 24. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அதற்கப்புறம் ஏழு நிமிடம் அது ஓடியது அப்பா, அம்மா துண்டைத் தூக்கி அதன்மேல் போடுகிற வரைக்கும். அந்த ஏழு நிமிடத்தை யார் யாரோ வெட்டி, பாட்டுப் போட்டு, சிரித்துத் தீர்த்தார்கள். ஜூன் துணைத்தேர்வுக்கு ஹாலில் போய் உட்கார்ந்தேன். பக்கத்துப் பெஞ்சுப் பையன் திரும்பிப் பார்த்து, இன்னொருவனிடம் கண்ணைக் காட்டினான். எழுந்து வந்துவிட்டேன்.

வேண்டுமென்றே விட்டீர்களா, மறந்துவிட்டீர்களா? உண்மையைச் சொல்லுங்கள். சேனலை மூடிவிட்டதாகச் சொன்னீர்களே, அதையும் எழுத்தில் ஒரு தடவை சொல்லுங்கள்.

உங்கள் பாப்பா,
லிபியா


ஜூஜுவாடி, ஓசூர்,
10.7.2025

என் தங்கம் லிபியாப் பாப்பாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

மரியாயே வாழ்க. உன் கடிதம் நேற்று வந்தது. நலம், நலமறிய அவா என்று தொடங்க வேண்டும் என எங்கள் வாத்தியார் பிரம்பை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். உன் கேள்வியைப் படித்த பிறகு அதெல்லாம் கைக்கு வரவில்லை. நான் கடிதம் எழுதி இருபது வருஷம் இருக்கும் கண்ணு. கல்யாணத்துக்கு முன்னால் உன் அம்மாவுக்கு எழுதியதோடு சரி. பிழை இருந்தால் சிரிக்காதே.

மறந்துவிட்டேன். சத்தியமாக மறந்துவிட்டேன். நீ தரையில் உட்கார்ந்ததும் போன் ஒன்று நிற்கிறது, அதற்குள் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்குத் தெரியவில்லை. கம்பெனியில் மெஷின் கதவு லேசாகத் திறந்திருந்தாலே அலாரம் அடிக்கும், லைன் நின்றுவிடும். வீட்டில் எனக்கு அடிப்பதற்கு அலாரம் இல்லை. உன் அம்மா அன்றிலிருந்து என்னிடம் இரண்டே வார்த்தைதான் பேசுகிறாள். ஒன்று "சாப்டுங்க", இன்னொன்று "வேன் வந்துடுச்சு".

சேனலை மூடிவிட்டேன். உன் வீடியோ ஒன்றுகூட இல்லை. இதை உன் தலையில் கை வைத்துச் சொல்வதாக நினைத்துக்கொள்.

கம்பெனியில் ஒரு கூத்து. கேட்டில் செக்யூரிட்டி சிவராஜ் இப்போது எல்லார் போன் கேமரா மேலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறான். உள்ளே படம் எடுத்துவிடுவோமாம். சாயங்காலம் வெளியே வரும்போது அவனே உரித்துவிடுகிறான். "சகாயம் அண்ணே, உங்களுக்கு ரெண்டா ஒட்டவா?" என்று கேலி வேறு. நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

நன்றாகச் சாப்பிடு. வெந்நீர் குடி. மனதில் இருப்பதை எல்லாம் அப்பாவுக்கு எழுது.

உன் அப்பா,
சகாயநாதன்


கிருஷ்ணகிரி,
20 ஜூலை 2025.

அன்புள்ள அப்பாவுக்கு,

மறந்துவிட்டேன் என்று எழுதியதை நம்புகிறேன். நம்பியதால் நானும் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் படிக்கவே இல்லை அப்பா. "இன்று லிபியா 11 மணி நேரம்" என்று போடுவோமே, முக்கால்வாசி பொய். கோயம்புத்தூரில் ஒரு பெண் பதினான்கு மணி நேரம் படிக்கிறாள் என்று நீங்கள் காட்டினீர்கள். மறுநாளே நானும் பதினான்கு. படத்தை வேகமாக ஓட்டினால் தூங்குவது தெரியாது, தலை குனிந்திருந்தால் படிக்கிற மாதிரிதான் இருக்கும். வெளிச்சம் சரியாக விழவில்லை என்று ஒரே பக்கத்தை மூன்று தடவை எழுதுவேன். தலைப்புக்கு ஊதா, சூத்திரத்துக்குப் பச்சை. அந்தச் சூத்திரம் என்ன சொல்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

முடிந்ததும் போனை எடுத்து எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்ப்பேன், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை. "அக்கா, உங்களைப் பார்த்துத்தான் நானும் படிக்கிறேன்" என்று ஒரு பிள்ளை எழுதினால் அன்றைக்குச் சோறே வேண்டாம். "ஓவரா நடிக்குது" என்று ஒருத்தன் எழுதினால் இரண்டு நாளைக்குப் புத்தகம் திறக்க முடியாது. நூறு பேர் நல்லதாக எழுதியது ஞாபகம் இருக்காது. அந்த ஒருத்தன்தான் கணக்குப் போடும்போதும் குளிக்கும்போதும் காதுக்குள் பேசிக்கொண்டிருப்பான்.

உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

இங்கே இயற்பியலைப் பத்தாம் வகுப்பிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள். புத்தகத்தை விரித்ததும் எதிரில் ஸ்டாண்டு நிற்கிற மாதிரியே இருக்கிறது. நானாகவே முதுகை நிமிர்த்துகிறேன், சடையை முன்னால் எடுத்துப் போடுகிறேன். "ஏய், யாருக்குடி போஸ் குடுக்கற? இங்க நானும் அந்தப் பல்லியும்தான் இருக்கோம்" என்கிறாள் ஸ்வாதி. அவர்கள் ராகிக் கொல்லையில் போன வருஷம் யானை இறங்கிப் பாதியை மிதித்துவிட்டுப் போனதாம். "யானையே வந்துட்டுப் போயிடுச்சு, பரீட்சை என்னா பண்ணிடும்" என்று சொல்லிவிட்டுக் குப்புறப் படுத்துத் தூங்குகிறாள். பொறாமையாக இருக்கிறது.

இதையெல்லாம் உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன். நமக்குள் இருக்கட்டும்.

உங்கள் பாப்பா,
லிபியா


ஜூஜுவாடி, ஓசூர்,
25.7.2025

என் தங்கப் பாப்பாவுக்கு,

உன் கடிதத்தைக் கம்பெனி பஸ்ஸில் பிரித்தேன். படித்து முடித்து நிமிர்ந்தால் எதிரே கன்னட போர்டு. நம் ஸ்டாப்பை விட்டு, கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்கே போய்விட்டேன். அங்கிருந்து நடந்து வந்தேன். நல்லதுதான், அழுததை யாரும் பார்க்கவில்லை.

கோபம் இல்லையடா. பதினான்கு மணி நேரம் என்று போட்ட அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். எட்டு மணி நேர ஷிப்டில் இரண்டு தடவை டீக்கு ஓடுகிறவன் நான்.

ஒன்று சொல்கிறேன், திட்டாதே. என் பக்கத்து மெஷின் கிங்ஸ்டன் மாமா இருக்கிறாரே, அவர் பையன் எபினேசர் போனைப் பிடுங்கினால் சோறு தின்பதில்லையாம், கதவைச் சாத்திக்கொள்கிறானாம். மாமா கேண்டீனில் தட்டை வைத்துக்கொண்டு அழுதார். பொறுக்க முடியாமல் உன் கடிதத்தில், நூறு பேர், ஒருத்தன் என்று எழுதினாயே, அந்தப் பத்தியைப் படித்துக் காட்டினேன். "சகாயம், இத எம் பையன் படிச்சா கொஞ்சமாச்சும் யோசிப்பான்டா. ஒரு நாளைக்குக் குடு" என்றார். கொடுத்துவிட்டேன். எபினேசர் இரண்டு தடவை படித்துவிட்டுப் போனை அவனே கொண்டுவந்து டிவி பக்கத்தில் வைத்தானாம். பார், நீ விடுதியில் உட்கார்ந்துகொண்டு ஓசூரில் ஒரு பிள்ளையைக் காப்பாற்றியிருக்கிறாய்.

நீல மை எனக்குச் சரியாகத் தெரிவதில்லை, கண் மங்குகிறது. இனிமேல் கறுப்பு மையில் எழுது. தாளின் ஒரு பக்கம் மட்டும், எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக. இதோடு இரண்டு பேனா வைத்திருக்கிறேன். நடப்பதை விரிவாக எழுது. நீ எழுதினால் அப்படியே கண் முன்னால் நிற்கிறது.

உன் அப்பா,
சகாயநாதன்


கிருஷ்ணகிரி,
10 ஆகஸ்ட் 2025.

அன்புள்ள அப்பாவுக்கு,

கிங்ஸ்டன் மாமாவிடம் கொடுத்தது எனக்குப் பிடிக்கவில்லை. எபினேசர் பூசையில் நமக்குப் பின்வரிசையில் நிற்பவன். இனி அவன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது? சரி, போனை வைத்தான் என்றால் சந்தோஷம். இனி யாருக்கும் கொடுக்காதீர்கள். முக்கியமாக இந்தக் கடிதத்தை.

கறுப்பு மையிலேயே எழுதுகிறேன், பெரிதாக.

அப்பா, எனக்கு முடி கொட்டுகிறது என்று அம்மா எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தாளே, அது கொட்டவில்லை. நானே பிடுங்குகிறேன். படிக்க உட்கார்ந்தால் இடது கை தானாக உச்சிக்குப் போகிறது. ஒவ்வொன்றாகப் பிடுங்கும்போது மண்டைக்குள் இருக்கிற சத்தம் கொஞ்ச நேரம் நிற்கிறது. குனிந்து பார்த்தால் நோட்டு மேல் முடி கிடக்கும். ஊதிவிட்டு மறுபடியும். மாடல் எக்ஸாம் சமயத்திலேயே ஆரம்பித்தது. வீடியோவில் தெரியக் கூடாதென்று வகிடை மாற்றினேன். "புது ஸ்டைலா பாப்பா?" என்று கேட்டீர்கள். இப்போது உச்சியில் ஒரு ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு வெறும் தோல். பூசையில் முக்காடு போடுவதால் தப்பித்தேன். வகுப்பில் என்ன செய்ய?

டெல்பின் சிஸ்டரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. புதன்கிழமைகளில் வருகிற ஆலோசகர் அம்மாவிடம் உட்கார வைத்தார். இதற்குப் பெயர் இருக்கிறதாம், இன்னும் நிறையப் பிள்ளைகளுக்கு இருக்கிறதாம், சரியாகிவிடுமாம். கை மேலே போகும்போது அமுக்குவதற்கு ஒரு ரப்பர் பந்து கொடுத்தார். "வீட்ல நம்பிச் சொல்றதுக்கு ஒருத்தராவது இருக்காங்களாம்மா?" என்று கேட்டார். அப்பா இருக்கிறார் என்று சொன்னேன்.

அகலமான துணி ஹேர்பேண்டு வேண்டும். கறுப்பு இரண்டு, மெரூன் ஒன்று. அம்மாவிடம் சொல்ல வேண்டாம். அவளிடம் நானே நேரில் சொல்கிறேன்.

உங்கள் பாப்பா,
லிபியா


ஜூஜுவாடி, ஓசூர்,
16.8.2025

என் கண்ணுக்கு,

ஹேர்பேண்டு ஐந்து அனுப்பியிருக்கிறேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்து பேன்சி ஸ்டோரில் வாங்கினேன். கடைக்காரப் பெண் மெல்லிசாக எடுத்து எடுத்துப் போட்டாள். "இல்லம்மா, அகலமா, உச்சிய மறைக்கற மாதிரி வேணும்" என்று நானே ஒவ்வொன்றாக என் தலையில் மாட்டிக் கண்ணாடியில் பார்த்தேன். அங்கே நின்ற காலேஜ் பிள்ளைகள் இரண்டு பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மெரூன் எனக்கு எடுப்பாக இருந்தது.

புது ஸ்டைலா என்று கேட்டேனே, அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. கம்பெனியில் பாகத்தை லைட்டில் தூக்கிப் பார்த்து நூலளவு கீறலைக் கண்டுபிடித்து ரிஜெக்ட் போடுகிறவன் நான். பெற்ற பிள்ளையின் தலையைப் பார்க்கத் தெரியவில்லை. மன்னித்துக்கொள் பாப்பா.

அம்மாவிடம் சொல்லவில்லை. சத்தியம்.

உன்னை ஒன்று கேட்கிறேன். உன்னைப் போல எத்தனையோ பிள்ளைகள் வெளியே சொல்லாமல் இருக்கிறார்களே. அவர்களைப் பெற்றவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்? நீ என்ன நினைக்கிறாய் என்று அடுத்த கடிதத்தில் எழுது. அப்பாவுக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

உன் அப்பா,
சகாயநாதன்


கிருஷ்ணகிரி,
31 ஆகஸ்ட் 2025.

அன்புள்ள அப்பாவுக்கு,

ஹேர்பேண்டு ஐந்தும் வந்தன. நீங்கள் மாட்டிப் பார்த்ததை ஸ்வாதியிடம் சொல்லாமலே நான் மட்டும் நினைத்து நினைத்துச் சிரித்தேன். மெரூன் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நல்ல செய்தி இரண்டு. பதினோரு நாளாகக் கை மேலே போகவில்லை. தொட்டுப் பார்த்தால் குட்டி குட்டியாகக் குத்துகிறது. இரண்டாவது, இயற்பியல் டெஸ்டில் ஐம்பதுக்கு முப்பத்தொன்று. ஒரே ஒரு நீலப் பேனாவில் எழுதினேன், கலர் எதுவும் இல்லை. ஒரு கணக்குக்கு விடை வந்தபோது, அது வந்தது எனக்கு மட்டும்தான் தெரியும், வேறு ஒரு ஆளுக்கும் தெரியாது என்று தோன்றியது. அவ்வளவு நன்றாக இருந்தது அப்பா. சொல்லத் தெரியவில்லை.

பெற்றவர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டீர்கள். எனக்கு என்ன தெரியும்? எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாம், அதுதான் எனக்குத் தோன்றுகிறது.

அக்டோபர் முதல் ஞாயிறு நீங்களும் அம்மாவும் வாருங்கள். இப்போது நேரில் பேச முடியும். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வருகிறேன், ஊர் என்ன பார்த்தாலும் சரி.

உங்கள் பாப்பா,
லிபியா


கிருஷ்ணகிரி,
21 செப்டம்பர் 2025.

அப்பா,

ஸ்வாதி அவள் அக்கா நிச்சயதார்த்தத்துக்கு ஊருக்குப் போய் வியாழக்கிழமை திரும்பினாள். வந்ததிலிருந்து என்னிடம் சரியாகப் பேசவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் மற்றவர்களும் மாறிவிட்டார்கள். என்னிடம் பேசும்போது யாரும் என் கண்ணைப் பார்க்கவில்லை, நெற்றிக்கு மேலே பார்க்கிறார்கள். ஹேர்பேண்டைப் பார்க்கிறார்கள்.

நேற்று துணி துவைக்கிற இடத்தில் ஸ்வாதியைப் பிடித்து உலுக்கினேன். அழுதுகொண்டே சொன்னாள். "உன் லெட்டர உங்கப்பாதான்டி படிக்கறாரு, வீடியோவுல. நாலு லெட்டரும். எங்க சித்தி அழுதுகிட்டே பாத்துச்சு. உத்தனப்பள்ளி பஸ்ல ரெண்டு பேர் அதையே பேசிக்கிட்டு வந்தாங்க. நான் பாத்தத யாருக்கும் சொல்லல, வெளியேர்ந்து கிளாசுக்கு வர்றவளுங்க வீட்ல பாத்துட்டு வந்து சொல்லிட்டாளுங்க."

சேனலுக்குப் பெயர் "மகள் எழுதிய கடிதம்". இரண்டு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்களாம்.

முடியைப் பற்றி எழுதியதை நீங்கள் படிக்கவில்லையாம். அந்தப் பத்தியைத் தாண்டிவிட்டீர்களாம். ஆனால் "இதெல்லாம் நீயே எழுதினது" என்று எவனோ சொன்னதற்காக, கடிதத்தைத் தூக்கிக் காட்டினீர்களாம். அப்பா, படத்தை நிறுத்தலாம். நிறுத்திப் பெரிதாக்கிப் படிக்கலாம். படித்தார்கள். அந்தப் பக்கத்தை மட்டும் தனியாக எடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். கறுப்பு மை, பெரிய எழுத்து, ஒரு பக்கம். எதற்குக் கேட்டீர்கள் என்று இப்போது தெரிகிறது. நான் உங்கள் கண்ணுக்கு என்று நினைத்தேன்.

ரிசல்ட் அன்று மறந்துவிட்டேன் என்றீர்கள், நம்பினேன். இந்தத் தடவை எதை மறந்தீர்கள்?

நேற்று மத்தியானம் கை மறுபடியும் மேலே போய்விட்டது.

லிபியா


ஜூஜுவாடி, ஓசூர்,
25.9.2025

பாப்பா, என் தங்கமே,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை.

பேனா அனுப்பிய அந்த வாரத்திலேதான் ஆரம்பித்தேன். பழைய சேனலை மூடியது உண்மை, இது வேறு சேனல். எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது, இதுவும் ஒரு பதிலா. எபினேசர் மாறியதைப் பார்த்து, ஒரு பிள்ளைக்கு நல்லது நடந்தால் பத்துப் பிள்ளைக்கு நடக்கட்டுமே என்று நினைத்தேன். உன் பெயரைச் சொல்லவில்லை. என் முகத்தைக் காட்டினேன், என் முகம் தெரிந்தால் உன் பெயர் எதற்கு என்பது என் மரமண்டைக்கு ஏறவில்லை. படத்தை நிறுத்திப் படிப்பார்கள் என்று தெரியாது பாப்பா. இரண்டு நொடிதான் காட்டினேன். பொய்க்காரன் என்று சொல்லிவிட்டானே என்கிற ரோஷம்.

ஆம்பூரிலிருந்து ஒரு பெண் எழுதினாள், அவளும் முடியைப் பிடுங்குகிறாளாம், உன் பக்கத்தைப் படித்த பிறகுதான் அவள் அம்மாவிடம் சொன்னாளாம். இப்படி நிறையப் பிள்ளைகள். எல்லாரும் என்னை அப்பா என்றுதான் எழுதுகிறார்கள். இருபத்திரண்டு வருஷமாகக் கம்பெனியில் நான் ஒரு கார்டு நம்பர். சகாயநாதன் என்று முழுப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. திடீரென்று இவ்வளவு பேர் நீங்கள் சொல்லுங்கள் அப்பா, நீங்கள் சொல்லுங்கள் அப்பா என்றால் எனக்குத் தலைகால் புரியவில்லை. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, போதையாகத்தான் இருந்தது.

நீ ஒரு வார்த்தை சொல், இப்போதே அழித்துவிடுகிறேன். அந்த ஆம்பூர்ப் பெண்ணுக்கு மட்டும் ஒரு பதில் போட்டுவிட்டு அழிக்கலாம் என்று பார்க்கிறேன். பாவம், தினமும் எழுதுகிறாள்.

அக்டோபர் ஐந்து, முதல் ஞாயிறு. அம்மாவோடு வருகிறேன். உன் காலில் விழுகிறேன்.

அப்பா


ஜூஜுவாடி, ஓசூர்,
7.10.2025

பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை வந்தோம். டெல்பின் சிஸ்டர் வாசலுக்கு வந்து, "அம்மா மட்டும் வரட்டும்னு லிபியா சொல்றா. வருத்தப்படாதீங்க" என்றார். அம்மா உள்ளே போனாள். நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். பக்கத்து டீக்கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்கதானே அந்த லெட்டர் படிக்கறவரு?" என்றார். போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன். நீ ஜன்னலிலிருந்து பார்த்தாயோ என்னவோ.

பஸ் சூளகிரியைத் தாண்டியது. "பாப்பா ரொம்பக் கோவமா இருக்காளா?" என்று அம்மாவிடம் கேட்டேன். "அவளுக்குக் கோவம் இல்லீங்க. உங்களக் கண்டா பயமா இருக்குதாம்" என்றாள். கோபம் என்றால் திட்டு வாங்கியே தீர்த்திருப்பேன். பயத்துக்கு நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. பஸ்ஸிலேயே போனை எடுத்து எல்லாவற்றையும் அழித்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். நீ சொல்லட்டும் என்று காத்திருந்தேனே, அதுதான் நான் செய்ததிலேயே பெரிய தப்பு. ஆம்பூர்ப் பெண்ணுக்குப் பதில் போடவில்லை.

அழித்த பிறகும் அது வேறு வேறு ஆட்களிடம் ஓடிக்கொண்டிருக்கிறது. கிங்ஸ்டன் போனில்கூட இருந்தது. ஒவ்வொருத்தரிடமும் எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சுகிறேன். எடுக்கிறேன் என்கிறார்கள்.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது. நீ எழுதினால் படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடுகிறேன். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

உன் அப்பா


அஞ்சலட்டை

கிருஷ்ணகிரி,
19 அக்டோபர் 2025.

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே நல்ல மழை. நாளை தீபாவளி, மத்தியானம் பாயசம் உண்டு. ஸ்வாதி நலம். பாடங்கள் ஒழுங்காக நடக்கின்றன. மார்ச் தேர்வை எழுதப் போகிறேன். கிறிஸ்துமஸுக்கு வர இயலாது, பாடம் இருக்கிறது.

இனிமேல் மாதம் ஒரு கார்டு போடுகிறேன். யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

அம்மாவுக்குப் பூக்கம்பெனி முகவரிக்குத் தனியாகக் கவர் அனுப்பியிருக்கிறேன். அதில் என்ன இருக்கிறது என்று அம்மாவிடம் கேட்க வேண்டாம். அவள் வேனில் அழுதாலும் பரவாயில்லை.

ரிசல்ட்டை முதலில் நான் தனியாகப் பார்ப்பேன். பிறகு அம்மா உங்களுக்குச் சொல்வாள்.

இப்படிக்கு,
ச. லிபியா